தாத்தாவின் பழைய தவில் பரணில் கிடக்கிறது, தோல் கிழிந்துவிட்டது. நிலைமையை எப்படிச் சோதிப்பது, என்ன விலை போகும்?

"தோலே போச்சு, இனி இது எதுக்கு ஆகும்" என்று வீட்டில் யாரோ சொல்லியிருப்பார்கள், அதனால்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். தோல் கிழிவது தவிலுக்குக் குறையே இல்லை. வாசிக்கிற தவிலுக்குத் தோல் மாற்றிக்கொண்டேதான் இருப்பார்கள். மதிப்பெல்லாம் கட்டைக்கு, அதாவது ஒரே பலாத் துண்டைக் குடைந்தெடுத்த அந்த உடலுக்கு.

நான் வித்வான் இல்லை, தவில்காரர் வீட்டில் வளர்ந்தவன். வாசிக்கிறவர்கள் வேறு மாதிரி சொன்னால் அவர்கள் பேச்சையே எடுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். பெரியப்பா தவறிய பிறகு பழைய சாமான் எடுக்கிற ஒருவர் வந்தார். ஊஞ்சல் பலகை, உருளி எல்லாம் பார்த்துவிட்டுத் தவிலைக் காலால் நகர்த்தி, "வாரும் இத்துப் போச்சு. வெறும் கட்டைதானே அண்ணாச்சி, விறகு விலைக்கு எடுத்துக்கிடுதேன்" என்றார். காலால் நகர்த்தினதை இன்றைக்கும் என்னால் பொறுக்க முடியவில்லை. பெரியப்பா தொட்டுக் கும்பிடாமல் அதைத் தோளில் மாட்டியதே கிடையாது. "அதை உள்ள கொண்டு வையிடே" என்று பெரியம்மா என்னிடம் சொல்லிவிட்டாள்.

தவில், மிருதங்கம் பழுது பார்க்கிற ஒரு பெரியவரிடம் டவுனுக்குக் கொண்டுபோனேன். இரண்டு பக்கத் தோலையும் கழற்றி, அறையை இருட்டாக்கி, உள்ளே டார்ச் அடித்தார். விரிசல் ஊடுருவிப் போயிருந்தால் வெளியே வெளிச்சம் தெரியும். மேலோட்டமான கீறலுக்குப் பயப்பட வேண்டாம். வாய் விளிம்பில் கிளம்பி நடுவயிறு வரை ஓடுவதுதான் ஆபத்து, இறுக்கும்போது விசை விளிம்பில்தான் விழும். பிறகு பேப்பர் விரித்துக் கட்டையைத் தட்டிப் பார்த்தார். மாவாகப் புதுத்தூள் உதிர்ந்தால் பூச்சி இன்னும் உள்ளே இருக்கிறது. அது வெளுப்பை, அதாவது மரத்தின் வெளிப்பக்க வெளிர் பகுதியைத்தான் தின்னும், வைரம் பாய்ந்த உள்மரத்தை அவ்வளவாகத் தொடாது. எங்கள் கட்டையிலும் வெளுப்பில் துளைகள் இருந்தன, மரத்தூளும் பசையும் வைத்து யாரோ முன்னமே அடைத்திருந்தார்கள். கடைசியில் வாயைக் குறுக்கும் நெடுக்குமாக நூல் பிடித்து அளந்தார். வட்டம் கோணியிருந்தால் தோல் பூட்டிய வளையம் சரியாக உட்காராது. "கட்டை வைரம் தம்பி, கொடுத்திராதீங்க" என்றார். இப்போது அது புதுத்தோலோடு தம்பி மகன் கையில் பேசுகிறது.

விலைக்கு வருகிறேன். படத்தைப் பார்த்து விலை சொல்கிறவர்களை நம்பாதீர்கள். வாசிக்கிறவர் புதுக்கட்டை விலையை மனதில் வைத்து, பழுதுச் செலவைக் கழித்துக் கேட்பார். அலங்காரத்துக்கு வாங்குகிறவர் பளபளப்பைப் பார்ப்பார். கருத்திருப்பதால் மட்டும் பழசு என்று ஆகாது. பலா வெட்டும்போது மஞ்சள், நாளாக நாளாகக் கருக்கும் என்பது உண்மைதான், ஆனால் சாயம் பூசியும் கருக்க வைக்கலாம். எங்கள் சீமையில் பழைய தவில் என்றாலே "காருகுறிச்சியாருக்கு வாசிச்சது" என்று சொல்லிவிடுவார்கள். நாதஸ்வர மேதை காருகுறிச்சி அருணாசலம் 1964-லேயே காலமாகிவிட்டார், வாய்ப்பேச்சை மட்டும் வைத்து அதை நம்ப முடியாது. தாத்தா பெயர் போட்ட கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், வானொலி ஒப்பந்தக் கடிதம், தவிலோடு எடுத்த போட்டோ என ஏதாவது இருந்தால் பத்திரப்படுத்துங்கள், அதுதான் பேசும்.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்துச் சுடலைமாடன் கோயில் கொடை விழாக்களில் இப்போது செண்டை மேளம் வைக்கிறார்கள். செண்டை கேரளத்தின் பெரிய கலை, அதைக் குறை சொல்ல நான் யார். ஆனால் அவர்களுக்குக் கேட்ட தொகையைக் கொடுத்துவிட்டு, நம் ஊர் நையாண்டி மேளக்காரரிடம் மட்டும் பேரம் பேசுகிற விழாக் கமிட்டிகளை நினைத்தால் வயிறு எரிகிறது. பரண்களில் இத்தனை தவில் தூங்குவதற்கு அதுவும் காரணம்.

விற்கவே கூடாது என்று சொல்லவில்லை, பணமுடை யாருக்கும் வரும். தோலைக் கழற்றிக் கட்டையைப் பார்க்கும் முன் விலை பேசாதீர்கள், அவ்வளவுதான். பரணிலிருந்து இறக்கியதும் வெயிலில் காய வைக்க வேண்டாம், திடீரென்று காய்ந்தால் இல்லாத விரிசலும் வரும். வார்னிஷும் அடிக்காதீர்கள், பார்க்க வருகிறவர் எதையோ மறைத்திருக்கிறீர்கள் என்றுதான் நினைப்பார்.