தாவரவியல் கேட்கிற பிள்ளையை கம்ப்யூட்டர் பக்கம் தள்ளாதீர்கள்

மகள் தாவரவியல்தான் படிப்பேன் என்று நிற்கிறாள், சொந்தக்காரர்களோ கடன் வாங்கியாவது கம்ப்யூட்டர் சயின்ஸில் சேர்த்துவிடு என்கிறார்கள், தூக்கமே வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள் அம்மா. கவலை நியாயம்தான். ஆனால் அந்தக் கடனை வாங்காதீர்கள். வட்டி கட்டப்போவது மாமாவும் இல்லை, சித்தப்பாவும் இல்லை. பிடிக்காத பாடத்தோடு வருஷக்கணக்கில் மல்லுக்கட்டப் போவதும் அவர்கள் இல்லை.

அவளுக்குச் செடியும் பிடிக்கும், வரைபடமும் பிடிக்கும் என்கிறீர்களே, இரண்டும் சேருகிற ஒரு துறை இருக்கிறது, யாரும் அதைச் சொல்வதில்லை: காட்டுத்தீ அபாயத்தைக் கணிக்கத் தாவரங்களை எரிபொருளாக வகைப்படுத்துவது. இங்கே இனப்பெயர் மட்டும் போதாது. எவ்வளவு தடிமன், எவ்வளவு ஈரம், எவ்வளவு நெருக்கம் என்று பார்க்க வேண்டும். 6 மில்லிமீட்டருக்குள் இருக்கும் காய்ந்த புல்லும் சுள்ளியும் காற்றின் ஈரம் மாறினால் சுமார் ஒரு மணி நேரத்தில் பெருமளவு அதற்கு ஒத்துப்போய்விடும், அதனால் அவற்றை ஒரு மணி நேர எரிபொருள் என்றே சொல்வார்கள், 7.5 சென்டிமீட்டரைத் தாண்டிய கட்டை 1000 மணி நேர வகை. காலையில் பற்றாத புல் மதியம் குப்பென்று பிடிப்பது இதனால்தான். தரையில் ஓடும் தீ புதரையும் தாழ்ந்த கிளைகளையும் பிடித்து உச்சிக்கு ஏறும், அவற்றுக்கு ஏணி எரிபொருள் என்று பெயர். இப்படிப் பார்த்துக் காட்டின் எரிபொருளைப் பிரிக்க அமெரிக்காவில் முதலில் 13 எரிபொருள் மாதிரிகள் இருந்தன, 2005-ல் 40 மாதிரிகள் கொண்ட புதிய தொகுப்பு வந்தது. கனடாவின் முறையில் 16 வகை. ஓரிடத்து அட்டவணை இன்னோரிடத்துக் காட்டுக்கு அப்படியே பொருந்தாது, அதனால்தான் அந்தந்தக் காட்டின் செடிகளைத் தெரிந்த ஆள் வேண்டியிருக்கிறது.

செயற்கைக்கோள் படம் இருக்கிறதே என்பார்கள். அடர்ந்த காட்டில் அது பார்ப்பது மர உச்சியைத்தான், கீழே குவிந்த சருகு அதில் தெரியாது. ஒருவர் இறங்கிப்போய் நாடா விரித்து, அதன் குறுக்கே கிடக்கும் சுள்ளிகளைத் தடிமன் வாரியாக எண்ணி, மாதிரியை எடைபோட்டு, அடுப்பில் உலர்த்தி, மறுபடி எடைபோட வேண்டும்.

செலவுக்கு வருகிறேன். சென்டினல்-2 என்ற ஐரோப்பியச் செயற்கைக்கோளின் படங்கள் இலவசம், வரைபடம் தயாரிக்கும் கியூஜிஐஎஸ் மென்பொருளும் இலவசம், வீட்டிலிருந்தே இப்போதே தொடங்கலாம். தாவரவியலோ வனவியலோ முடித்து, அப்புறம் தொலையுணர்வில், அதாவது செயற்கைக்கோள் படங்களை வைத்து நிலத்தை ஆராயும் படிப்பில், முதுகலை செய்யட்டும். வேலைகள் குவிந்து கிடக்கின்றன என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் வரைபட மென்பொருளும் பைத்தான் என்ற கணினி நிரல்மொழியும் கைவந்தால் விவசாயம், வனம், நீர்வளம் என்று பல பக்கமும் போகலாம்.

ஒன்றை மட்டும் அவளிடமே கேளுங்கள், பக்கத்தில் உறவினர் யாரும் இல்லாதபோது: வெயிலில் நடப்பதும் புள்ளியியலும் அவளுக்கு ஒத்துவருமா? இரண்டும் வேண்டாம் என்றால் இதையும் திணிக்காதீர்கள். அவள் சொன்னதை அப்படியே எனக்கு எழுதுங்கள், எந்தப் படிப்பு என்று அப்புறம் பேசுவோம்.