ஆஸ்திரேலிய ரக்பி லீகில் ஆண்டுதோறும் சிறந்த வீரருக்குக் கொடுக்கும் 'டாலி எம்' விருதில் வரும் அந்த டாலி யார்? அப்படி என்ன ஆடினார்?

சிட்னிக்கு வந்த புதிதில் எனக்கும் இதே சந்தேகம். அலுவலகத்தில் எல்லாரும் 'டாலி எம் யாருக்கு' என்று பேசிக்கொள்வார்கள். விருதுக்குப் பணம் தரும் ஏதோ கம்பெனி என்று நினைத்திருந்தேன்.

எம் என்றால் மெசெஞ்சர். ஹெர்பர்ட் ஹென்றி மெசெஞ்சர், 1883-இல் சிட்னியின் பால்மெய்னில் பிறந்தவர். குழந்தையாக இருந்தபோது தொப்பை கொஞ்சம் முன்னால் தள்ளியிருக்குமாம். அன்றைய அரசியல்வாதி டாலியின் தொந்தி மாதிரியே இருக்கிறது என்று யாரோ சொல்ல, அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது.

அப்போது சிட்னியில் ரக்பி யூனியன்தான் பெரிய ஆட்டம். பார்க்க வரும் கூட்டத்தால் சங்கத்துக்குப் பணம் கொட்டும். ஆடுகிறவர்களுக்குச் சம்பளம் கிடையாது. அலெக்ஸ் பர்டன் என்ற வீரர் அடிபட்டு வேலைக்குப் போக முடியாமல் கிடந்தபோதுகூட இழப்பீடு கிடைக்கவில்லை. அந்தக் கோபத்தில்தான் 1907-இல் சிட்னியில், ஆடுகிறவர்களுக்குப் பணம் தரும் ரக்பி லீக் என்ற தனி ஆட்டம் தொடங்கியது. ஆனால் பெரிய நட்சத்திரம் ஒருவர் வராமல் கூட்டம் வருமா? டாலி தேவைப்பட்டார். அவரைக் கேட்டால் போதாது, அம்மா சம்மதிக்க வேண்டும். அமைப்பாளர் ஜேம்ஸ் கில்டினனும், டாலியின் நண்பரான கிரிக்கெட் வீரர் விக்டர் ட்ரம்பரும் வீட்டுக்கே போய்ப் பேசினார்கள் என்பார்கள். இந்தக் கதையில் எனக்குப் பிடித்த இடமே இதுதான்!

அந்த ஆகஸ்டில்தான் ஆஸ்திரேலியாவுக்காக நியூசிலாந்துக்கு எதிராக யூனியன் டெஸ்ட் ஆடியிருந்தார். சில நாட்களிலேயே லீக் பக்கம். யூனியன்காரர்கள் சும்மா விடுவார்களா? தடை விதித்தார்கள், பதிவேடுகளில் இருந்தே பெயரை நீக்கினார்கள்.

அப்புறம் இன்னொரு வேடிக்கை. பணத்துக்கு ஆடுகிறவர்கள் என்று 'ஆல் கோல்ட்ஸ்' எனக் கேலியாக அழைக்கப்பட்ட நியூசிலாந்தின் தொழில்முறை அணி பிரிட்டனுக்குக் கிளம்பியபோது இவரையும் சேர்த்துக்கொண்டது. அந்தப் பயணத்தில் அதிகப் புள்ளிகள் எடுத்தவர் இந்த ஒரே ஆஸ்திரேலியர்தான். அதாவது லீகில் தன் நாட்டுக்கு ஆடுவதற்கு முன்பே நியூசிலாந்துக்கு ஆடிவிட்டார்.

1908-இல் ஈஸ்டர்ன் சபர்ப்ஸ் கிளப்புக்கு வந்தார். முதல் பருவத்தின் இறுதிப்போட்டியில் அந்த அணி சவுத் சிட்னியிடம் 12-14 என்று தோற்றது. டாலி அப்போது 'கங்காரு' என்று அழைக்கப்படும் ஆஸ்திரேலிய லீக் அணியோடு இங்கிலாந்து போகும் கப்பலில் இருந்தார். அவர் இருந்திருந்தால் அந்த இரண்டு புள்ளி எங்கே போயிருக்கும் என்று இன்றைக்கும் எனக்குத் தோன்றும், ஏனென்றால் கோல் உதைப்பதில் அவரைப் போல் அன்று யாரும் இல்லை. 1911 பருவத்தில் மட்டும் 270 புள்ளிகள். டேவ் பிரவுன் 1935-இல் முறியடிக்கும் வரை அதுதான் சாதனை.

1911, 1912, 1913 என்று மூன்று ஆண்டும் ஈஸ்டர்ன் சபர்ப்ஸுக்கே பட்டம். தொடர்ந்து மூன்று முறை வென்றதால் கேடயமே கிளப்புக்குச் சொந்தமானது. அதைக் கேப்டன் டாலிக்கே கொடுத்துவிட்டார்கள். அத்தோடு அவர் ஓய்வு பெற்றார்.

ஆட்டம் முடிந்த பிறகு வாழ்க்கை அவ்வளவு சுகமாக இல்லை. ஹோட்டல் நடத்தினார், குவீன்ஸ்லாந்தில் வாழைத்தோட்டம் போட்டார், தோட்டம் தேறவில்லை. 1959-இல் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் கன்னெடா (Gunnedah) என்ற ஊரில் இறந்தார். விருதுக்கு அவர் பெயர் வைத்தது அதற்கு இருபது ஆண்டுகளுக்குப் பிறகு.