உறிஞ்சுகுழியில் தண்ணீர் இறங்கவில்லையா?

கேள்வி: செப்டிக் டேங்கை அடுத்த உறிஞ்சுகுழி நிரம்பி மேலே கசிகிறது. ஆசிட் ஊற்றலாமா?

பதில்: ஊற்றவே வேண்டாம், பயனில்லை. டேங்கில் கசடு நிறைந்து, தண்ணீரோடு குழிக்குப் போய், மண்ணில் வழவழப்பான படலமாகப் படிந்து அடைத்திருக்கும். முதலில் லாரி வைத்துக் கசடை உறிஞ்சி எடுங்கள். ஆளை உள்ளே இறக்காதீர்கள். விஷவாயு நொடியில் கொல்லும். டேங்கிலிருந்து தண்ணீர் வெளியேறும் பக்கத்தில் உள்ள ‘டி’ (T வடிவ) குழாயைப் பாருங்கள். அது உடைந்திருந்தால் டேங்கில் மேலே மிதக்கும் அழுக்கு நேராகக் குழிக்குப் போய்விடும், உடனே மாற்றுங்கள்.

பிறகு, கிணற்றிலிருந்து 15 மீட்டருக்கு மேல் தள்ளி இரண்டாவது குழி வெட்டி, தண்ணீரை அங்கே திருப்புங்கள். பழைய குழியை ஓராண்டு காயவிட்டால் படலம் மக்கி, மண் மறுபடி உறிஞ்சத் தொடங்கும். இனி 2-3 ஆண்டுகளுக்கு ஒருமுறை டேங்கைக் காலி செய்யுங்கள்.

மழைக்காலத்தில் மட்டும் கசிகிறதென்றால் காரணம் வேறு: நிலத்தடி நீர் ஏறியிருக்கும். அப்போது ஆழமான குழி உதவாது; ஆழம் குறைந்து, அகலம் கூடியதே உதவும்.