செத்துப்போன வைஃபை ரூட்டரை சீரியல் கேபிள் போட்டு எழுப்ப முடியுமா?

கேள்வி இதுதான்: "ஃபர்ம்வேர் மாற்றும்போது என் ரூட்டர் செத்துவிட்டது. பவர் விளக்கு மட்டும் எரிகிறது. சீரியல் கேபிள் போட்டால் எழுப்பிவிடலாம் என்கிறார்கள். உண்மையா, இல்லை தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்கிவிடலாமா?"

எனக்கு முன்னால் பதில் எழுதிய இரண்டு பேர் "ஆயிரம் ரூபாய்க்குப் புதுசு கிடைக்கிறது, எதற்கு மெனக்கெட வேண்டும்" என்று முடித்துவிட்டார்கள். அதைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

முடியும். நான் செய்திருக்கிறேன். 2012-இல் என்னுடையது ஒன்று, அதற்கப்புறம் தெரிந்தவர்கள் கொண்டுவந்து கொடுத்தது நான்கு. ஐந்தில் நான்கு எழுந்தது, ஒன்று எழவில்லை.

நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் உங்கள் ரூட்டர் சாகவே இல்லை. ரூட்டரும் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர்தான். அதன் ஃபிளாஷ் சிப்பில் (கரண்ட் போனாலும் அழியாத நினைவகம்) தலைப்பகுதியில் பூட்லோடர், அதாவது கரண்ட் வந்ததும் முதலில் விழித்து மற்றதை ஏற்றும் குட்டி புரோகிராம் இருக்கும், நடுவில் ரூட்டரை ஓட்டும் மென்பொருளான ஃபர்ம்வேர் இருக்கும், கடைசியில் அந்த போர்டுக்கென்றே ஃபேக்டரியில் அளந்து எழுதிய ரேடியோ அளவீடுகள் இருக்கும். என்னிடம் இருந்த டிபி-லிங்க் டபிள்யூஆர்1043என்டி முதல் பதிப்பில் மொத்தம் 8 எம்பி, அதில் முதல் 128 கேபி யூ-பூட் என்கிற பூட்லோடர், கடைசி 64 கேபி ரேடியோ அளவீடு. ஃபர்ம்வேர் ஏற்றும்போது நடுப்பகுதியைத்தான் அழித்து எழுதுகிறோம். அது பாதியில் நின்றாலும் தலைப்பகுதி பிழைத்திருக்கும். கரண்ட் கொடுத்ததும் பூட்லோடர் விழித்து, ஃபர்ம்வேரைத் தேடி, கிடைக்காமல் நிற்கும் அல்லது திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகும். நமக்கு வெளியே தெரிவது ஒரு விளக்கு மட்டும். உள்ளே என்ன நடக்கிறது என்பதை அது போர்டில் இருக்கும் சீரியல் ஊசிகளில் வரிவரியாகச் சொல்லிக்கொண்டுதான் இருக்கும், கேட்பதற்குத்தான் அந்தக் கேபிள்.

திருகைக் கழற்றுவதற்கு முன் அடாப்டரை மீட்டர் வைத்துப் பாருங்கள். "செத்துப்போச்சு" என்று வந்த ஒரு ரூட்டருக்கு அடாப்டர் மட்டும்தான் மாற்றினேன், அதை மேலே சொன்ன கணக்கில்கூடச் சேர்க்கவில்லை. சில மாடல்களில் ரீசெட் பட்டனை அமுக்கியபடி பவர் போட்டால் பூட்லோடரே ஈத்தர்நெட் கேபிள் வழியாக ஃபர்ம்வேர் கோப்பைக் கேட்கும். டிபி-லிங்க் டபிள்யூஆர்841என் ஒன்பதாம் பதிப்பில் கம்ப்யூட்டருக்கு 192.168.0.66 முகவரி வைத்து டிஎஃப்டிபி சர்வரில் (நெட்வொர்க் வழியாகக் கோப்பு கொடுக்கும் சின்ன புரோகிராம்) சரியான பெயரில் கோப்பை வைத்தால் போதும், பெட்டியைத் திறக்கவே வேண்டாம். ஓபன்டபிள்யூஆர்டி (கம்பெனி ஃபர்ம்வேருக்குப் பதிலாகப் போடும் இலவச ஃபர்ம்வேர்) போட்டிருந்தால் அதிலிருக்கும் ஃபெயில்சேஃப் என்ற அவசர முறையையும் முயன்று பாருங்கள். இதெல்லாம் பலிக்காவிட்டால்தான் சீரியல்.

என் கதைக்கு வருகிறேன். 2012-இல் திண்டுக்கல்லில் இருந்தோம். அந்த வருட மின்வெட்டு சென்னைக்கு வெளியே இருந்தவர்களுக்கு மறக்காது, ஒரு மணி நேரம் கரண்ட் இருந்தால் அடுத்த ஒரு மணி நேரம் இருக்காது. முதல் சம்பளத்தில் மூவாயிரத்துச் சொச்சம் கொடுத்து அந்த 1043என்டி வாங்கியிருந்தேன். கிகாபிட் போர்ட்டும் யூஎஸ்பி போர்ட்டும் இருக்கும், பழைய ஹார்ட் டிஸ்கை மாட்டி வீட்டுக்கே ஒரு சர்வர் மாதிரி வைத்துக்கொள்ளலாம் என்ற ஆசை. ஓபன்டபிள்யூஆர்டி 10.03.1 வந்திருந்தது. கரண்ட் போக இன்னும் இருபது நிமிஷம் இருக்கிறது என்று கணக்குப் போட்டு ஏற்ற ஆரம்பித்தேன். அன்றைக்கு முன்னாலேயே போய்விட்டது. திரும்பி வந்தபோது பவர் விளக்கு மட்டும்தான். தவறு என்னுடையதுதான், அந்தக் காலத்தில் இன்வெர்ட்டரில் மாட்டாமல் அந்த வேலையைத் தொட்டிருக்கவே கூடாது.

ஒரு கடைக்கு எடுத்துப் போனேன். அவர் திருகைக்கூடக் கழற்றவில்லை. கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு "போர்டு போச்சு தம்பி, புதுசு பாத்துக்கோங்க" என்றார். மூன்று நாள் மனசே சரியில்லை.

என் அப்பா ரேடியோ, டிவி மெக்கானிக். கம்ப்யூட்டரைத் தொட்டதே இல்லை. போர்டில் சீரியலுக்கென்று நான்கு ஓட்டைகள் இருக்கும் என்பது உட்பட, ராத்திரி நான் படித்துச் சேகரித்ததையெல்லாம் அவரிடம் சொன்னபோது அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி: "அந்த நாலு ஓட்டையில எது எர்த்துனு தெரியுமா?" தெரியாது என்றேன். "அப்ப அதுல இருந்து ஆரம்பிப்போம்" என்று மீட்டரை எடுத்தார்.

கேபிள் விஷயத்தில் நிறையப் பேர் தப்பு செய்கிறார்கள், இதைக் கவனமாகப் படியுங்கள். பழைய கம்ப்யூட்டரின் பின்னால் இருக்கும் ஒன்பது ஊசி சீரியல் போர்ட்டை நேராக ரூட்டரில் கொடுக்கக் கூடாது. அதில் பிளஸ்ஸிலும் மைனஸிலும் பத்து வோல்ட்டுக்குப் பக்கம் வரும், ரூட்டரின் சிப் தாங்குவது 3.3 வோல்ட், கொடுத்த உடனே உண்மையாகவே செத்துவிடும். 5 வோல்ட் ஆர்டுயினோ போர்டை (பழகுவதற்கான சின்ன கம்ப்யூட்டர் போர்டு) இடையில் வைத்துச் செய்வதையும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். "நான் செய்தேன், ஒன்றும் ஆகவில்லை" என்று யாராவது வருவார்கள், உங்களுக்கு ஆகவில்லை, சரி, அடுத்தவருக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். இப்போது சிபி2102 அல்லது சிஎச்340 சிப் வைத்த யூஎஸ்பி மாட்யூல்கள் சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கின்றன, 3.3 வோல்ட் என்று உறுதி செய்துகொண்டு வாங்குங்கள். எங்கள் ஊரில் அப்போது அது கிடைக்கவில்லை. கிடைத்தது நோக்கியா போன்களுக்கான சிஏ-42 டேட்டா கேபிளின் மலிவு நகல், அறுபது ரூபாய். அதன் யூஎஸ்பி தலைக்குள் பிஎல்2303 என்ற சீரியல் சிப் இருக்கும், போன் பக்கத்தில் வருவது 3.3 வோல்ட் சிக்னல். போன் முனையை வெட்டிவிட்டால் நமக்கு வேண்டிய கேபிள் தயார்.

ஆனால் உள்ளே இருந்த ஒயர் நிறங்கள் நான் படித்து வைத்திருந்த எதோடும் ஒத்துப்போகவில்லை. ஒவ்வொரு நகலிலும் ஒவ்வொரு நிறம். அப்பா யூஎஸ்பி தலையின் இரும்பு உறையில் ஒரு புரோபை வைத்து, மீட்டரின் கன்டினியூட்டியில் (இரண்டு முனைக்கும் இணைப்பு இருந்தால் சத்தம் கொடுக்கும்) எர்த்து ஒயரைக் கண்டுபிடித்தார். மற்ற ஒயர்களில் அனுப்புவதும் வாங்குவதுமான ஜோடி எது என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது: இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு கீபோர்டில் தட்டினால், தட்டிய எழுத்து அப்படியே திரையில் திரும்பி வரும். வந்தால் கேபிள் நன்றாக இருக்கிறது. இந்தச் சோதனையைச் செய்யாமல் ரூட்டரில் மாட்டாதீர்கள், இல்லாவிட்டால் தப்பு கேபிளில் இருக்கிறதா போர்டில் இருக்கிறதா என்று தெரியாமல் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருப்பீர்கள்.

போர்டில் நான்கு துளைகள் வரிசையாக, ஈயம் அடைத்து இருந்தன. அப்பா பம்பு வைத்து ஈயத்தை உறிஞ்சிவிட்டு நான்கு ஊசி வைத்துப் பத்தவைத்தார். அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம், பக்கத்துத் துளைக்கு ஒரு துளி ஈயம் போகவில்லை. நான்கையும் பிரித்தறிவது இப்படி: பவர் இல்லாமல் கன்டினியூட்டி வைத்தால் எர்த்து தெரிந்துவிடும். பவர் போட்டதும் 3.3 வோல்ட்டில் அசையாமல் நிற்பது சப்ளை, அதைத் தொடவே வேண்டாம், கேபிளில் எதையும் அதில் மாட்டக் கூடாது. பவர் போட்ட முதல் சில நொடிகளில் 3.3-க்குக் கீழே இறங்கி ஆடுவது ரூட்டர் பேசும் ஊசி. மிச்சம் இருப்பது கேட்கும் ஊசி. ரூட்டர் பேசுவது கேபிளின் வாங்கும் ஒயருக்கும், கேபிள் அனுப்புவது ரூட்டரின் கேட்கும் ஊசிக்கும் குறுக்காகப் போகும், எர்த்தும் எர்த்தும் சேரும். மொத்தம் மூன்றே ஒயர்.

வேகம் 115200, எட்டு பிட், பாரிட்டி இல்லை, ஒரு ஸ்டாப் பிட். ரூட்டர் பேசுவதைத் திரையில் காட்டும் புரோகிராமாக விண்டோஸில் புட்டி போதும், லினக்ஸில் மினிகாம் அல்லது பிக்கோகாம். மினிகாமில் ஹார்டுவேர் ஃப்ளோ கண்ட்ரோல் என்ற செட்டிங் ஆனில் இருந்தால் வருவது தெரியும், ஆனால் நாம் தட்டுவது போகாது. எனக்கு இரண்டு மணி நேரம் அதிலேயே போனது, மறக்காமல் அதை ஆஃப் செய்யுங்கள். கோணல்மாணலாக எழுத்து வந்தால் வேகம் தப்பு, அல்லது எர்த்து சரியாகச் சேரவில்லை.

பவர் போட்டதும் கருப்புத் திரையில் யூ-பூட் 1.1.4 என்று ஆரம்பித்து வரிகள் ஓடின. நினைவகம் 32 எம்பி, ஃபிளாஷ் 8 எம்பி. கடைக்காரர் போர்டு போச்சு என்று சொன்ன அதே பெட்டி தன் பெயரைச் சொல்கிறது. அப்பாவுக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது, ஆனால் திரையைப் பார்த்துவிட்டு "பேசுதே" என்றார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

அந்த பூட்லோடர் ஃபர்ம்வேரைத் தேடிப் போவதற்கு முன் ஒரே ஒரு நொடிதான் காத்திருக்கும். அந்த ஒரு நொடிக்குள் டி, பி, எல் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளைச் சின்ன எழுத்தில் தட்ட வேண்டும். கையால் தட்டிப் பல தடவை தவறவிட்டேன், அப்புறம் அந்த மூன்று எழுத்தைக் காப்பி செய்து வைத்துக்கொண்டு சரியான நேரத்தில் பேஸ்ட் செய்தேன், நின்றது. மற்ற கம்பெனிப் பெட்டிகளில் வேறு சாவியாக இருக்கும், திரையிலேயே சில நேரம் எழுதியிருக்கும்.

நின்ற பிறகு வேலை சுலபம். லேப்டாப்பில் டிஎஃப்டிபி சர்வர் ஓட வேண்டும் (விண்டோஸில் டிஎஃப்டிபிடி32), ஃபயர்வாலை அணைத்திருக்க வேண்டும், பூட்லோடர் எதிர்பார்க்கும் சர்வர் முகவரியையே லேப்டாப்புக்கு வைக்க வேண்டும், ஈத்தர்நெட் கேபிள் லேன் போர்ட்டில் இருக்க வேண்டும். முதல் கட்டளை கோப்பை ரூட்டரின் ரேமுக்குக் கொண்டுவரும், இரண்டாவது ஃபிளாஷில் பழையதை அழிக்கும், மூன்றாவது ரேமிலிருந்து ஃபிளாஷுக்கு எழுதும், நான்காவது அதிலிருந்து பூட் செய்யும். முகவரி எண்களை உங்கள் மாடலுக்கு, உங்கள் பதிப்புக்கு என்று உள்ள பக்கத்திலிருந்து மட்டும் எடுங்கள். நான் எண்களை இங்கே போடாததற்குக் காரணமே அதுதான், பெயர் ஒன்றாக இருந்தாலும் பதிப்பு மாறினால் சிப்பே மாறிவிடும். அழிக்கும் கட்டளையில் ஒரு இலக்கம் தப்பினால் தலையில் இருக்கும் பூட்லோடரும் போய்விடும், அதற்கப்புறம் சீரியல் கேபிளும் உதவாது. எனக்கு எழாமல் போன அந்த ஒன்று அப்படிப் போனதுதான், கொண்டுவந்தவர் முன்பே வீட்டில் முயன்று அழித்திருந்தார். அதற்கு சிஎச்341ஏ புரோகிராமர் என்ற கருவியும், சிப்பின் எட்டுக் கால்களையும் கவ்வும் கிளிப்பும் வாங்கி ஃபிளாஷ் சிப்பிலேயே நேராக எழுத வேண்டும், என்னிடம் அப்போது இல்லை.

இன்னொன்று, கம்பெனி தரும் ஒரிஜினல் ஃபர்ம்வேர் கோப்பின் பெயரில் 'பூட்' என்று இருந்தால் அதை அப்படியே எழுதாதீர்கள். டிபி-லிங்கின் அந்தக் காலக் கோப்புகளில் முன்னால் 512 பைட் தலைப்பும் 128 கேபி பூட்லோடரும் சேர்ந்திருக்கும், மொத்தம் 131584 பைட். அதை வெட்டிவிட்டு மிச்சத்தைத்தான் எழுத வேண்டும்.

கோப்பு ரேமுக்கு வந்துவிட்டது, அழிக்கும் கட்டளையைத் தட்ட விரலை வைத்துவிட்டேன். அப்பா "இரு" என்றார். மணியைப் பார்த்தார். கரண்ட் போக இன்னும் அரை மணி நேரம் இருந்தது, ஆனால் போன தடவையும் அப்படித்தானே இருந்தது. தன் ரிப்பேர் கடையிலிருந்து யூபிஎஸ்ஸின் 12 வோல்ட் பேட்டரியை எடுத்துவந்து, பழைய அடாப்டர் ஒயரை வெட்டி, மீட்டரில் பிளஸ் மைனஸ் பார்த்து, ரூட்டருக்கு அதிலிருந்து பவர் கொடுத்தார். மறுபடி பூட்லோடரை நிறுத்தி, மறுபடி கோப்பை ரேமுக்கு ஏற்றி, அப்புறம் அழித்து, எழுதினேன். திரையில் புள்ளி புள்ளியாக ஓடியது. பூட் கட்டளை கொடுத்தேன், ஃபர்ம்வேரின் மையப் பகுதியான கெர்னல் விரிந்தது, நீண்ட நாள் கழித்து சிஸ்டம் விளக்கு கண் சிமிட்டியது. ஐந்து நிமிஷத்தில் வீட்டு விளக்கெல்லாம் அணைந்தது. ரூட்டர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

இதைச் சொல்லும்போது இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். அப்பா முப்பது வருஷம் அந்தக் கடையை நடத்தினார். பத்தாயிரம் ரூபாய் டிவியைக் கொண்டுவந்து, இரண்டு நாள் உட்கார்ந்து பழுது கண்டுபிடித்துக் கொடுத்த பிறகு, "ஒரு கண்டன்சர்தானே மாத்தினீங்க, அதுக்கு இருநூறா" என்று ஐம்பது ரூபாய்க்குப் பேரம் பேசுவார்கள். கண்டன்சர் விலை ஐந்து ரூபாய்தான். எந்தக் கண்டன்சர் என்று தெரிந்ததற்கான கூலி அது. அதே ஆட்கள் ஷோரூமில் போட்ட விலையை வாய் திறக்காமல் கொடுத்துவிட்டு வருவார்கள். "ஆயிரம் ரூபாய்க்குப் புதுசு" என்று எழுதியவர்கள் நல்ல எண்ணத்தில்தான் எழுதியிருப்பார்கள், அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. உங்கள் நேரத்துக்கு மதிப்பு அதிகம் என்றால் வாங்கிக்கொள்ளுங்கள், வாரண்டி இருந்தால் பெட்டியைத் திறக்காமல் மாற்றிக்கொள்ளுங்கள், அதையும் நான் தப்பு என்று சொல்லவில்லை. ஆனால் கேட்டவர் கேட்டது "முடியுமா" என்று. அதற்குப் பதில் முடியும் என்பதுதான்.

சரி, உங்களிடம் இருப்பது என்ன மாடல், அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் என்ன பதிப்பு எண் என்று கேள்வியில் சேர்த்துவிடுங்கள். மாட்யூல் வாங்கி மூன்று ஒயரையும் மாட்டிய பிறகு, எதையும் அழிக்காமல், பவர் போட்டதும் திரையில் வரும் முதல் பத்து வரிகளை மட்டும் இங்கே போடுங்கள். ஒரு வரிகூட வரவில்லை என்றாலும் சொல்லுங்கள், எந்த ஊசியில் எத்தனை வோல்ட் காட்டியது என்பதையும் சேர்த்து.