காருக்கு முன் வீட்டைப் பாருங்கள்

வாசகர் கடிதம்

அன்புள்ள ஐயா,

எனக்குப் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் வேலை கிடைத்திருக்கிறது. கணவர், ஆறு வயது மகள், முழங்கால் வலியுள்ள அம்மா ஆகியோரோடு ஹட்டனில் இருந்து கண்டிப் பக்கம் குடிவரப் போகிறோம். பிள்ளையையும் வயதானவரையும் வைத்துக்கொண்டு அங்கே கார் இல்லாமல் காலம் தள்ள முடியாது, லீசிங்கிலாவது ஒன்று எடு என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். கட்டுகஸ்தோட்டையில் வாடகை குறைவாக ஒரு வீடும் பார்த்து வைத்திருக்கிறோம். என்ன செய்யலாம்?

ஹட்டன் வாசகி

பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

கார் இல்லாமல் தாராளமாக வாழலாம். ஆனால் அந்தக் கட்டுகஸ்தோட்டை வீட்டை எடுத்தால் ஆறு மாதத்துக்குள் நீங்களே லீசிங் கம்பனி வாசலில் நிற்பீர்கள்.

கட்டுகஸ்தோட்டை நகரத்துக்கு வடக்கே, பேராதனை தென்மேற்கே. ஒரு பஸ்ஸில் நகரத்துக்குள் வந்து, இறங்கி நடந்து, இன்னொரு பஸ் பிடித்து வெளியே போக வேண்டும். கண்டியில் பஸ் நிலையமும் ஓரிடத்தில் இல்லை. குட்ஷெட், மணிக்கூட்டுக் கோபுரம், டொரிங்டன் என்று பிரிந்து கிடக்கிறது. நகரம் மலைகளுக்கு நடுவே கிண்ணத்தின் அடியில் இருப்பதால் புதிதாக வீதி போட இடமில்லை. தலதா மாளிகை முன்னால் போகும் வீதியும் 1998 குண்டுத் தாக்குதலுக்குப் பிறகு வாகனங்களுக்கு மூடப்பட்டுவிட்டது. காலை 7.30க்குப் பாடசாலைகள் தொடங்கும், பகல் 1.30க்கு விடும். அந்த இரண்டு வேளையும் ஸ்கூல் வேன்கள் எல்லாம் இதே சில வீதிகளில்தான். எசல பெரஹரா ஊர்வல நாட்களில் மாலையோடு வீதிகள் மூடப்படும். அந்த நெரிசலில் காரில் இருந்தாலும் பஸ்ஸில் இருந்தாலும் ஒரே காத்திருப்புதான். ஆகவே நகரத்தைக் குறுக்கே கடக்கத் தேவையில்லாத பக்கத்தில் வீடு எடுங்கள்.

உங்களுக்கு அது பெனிதெனிய, கெலிஓயா, கன்னொருவை, பிலிமத்தலாவை, கெட்டம்பே பக்கம். கொழும்பு வீதியிலும் கம்பளை வீதியிலும் பஸ் அடிக்கடி ஓடும். கம்பளை, நாவலப்பிட்டியில் இருந்து கண்டிக்குப் போகும் பஸ் பேராதனையைத் தாண்டித்தான் போக வேண்டும் என்பதால் கலஹா சந்தியில் இறங்கினால் பல்கலைக்கழக வாசல். வாடகை கொஞ்சம் கூடத்தான் இருக்கும். கொடுத்துவிடுங்கள்.

அடுத்தது உயரம். வீடு காட்டுகிறவர் "மெயின் ரோட்டில் இருந்து இருநூறு மீற்றர்தான்" என்பார். மலைநாட்டில் தூரத்தை அப்படிக் கேட்கக் கூடாது என்பது ஹட்டன்காரரான உங்களுக்குத் தெரியும். படி ஒன்று சுமார் 16 செ.மீ. என்றால் 100 படி 16 மீற்றர், அதாவது ஐந்து மாடிக் கட்டடம். அரிசிப் பையோடு அதைத் தினமும் ஏறுவதே சிரமம், அம்மாவால் முடியவே முடியாது. வீட்டு வாசல்வரை ஆட்டோ வருகிறதா என்பதையும் வாயால் கேட்காமல் வரவழைத்தே பாருங்கள், அதுவும் மழை பெய்யும் மாலை நேரத்தில். கொங்கிரீட் ஒழுங்கை நனைந்து பாசி பிடித்திருந்தால் மூன்று பேரும் சாமானும் ஏற்றிய ஆட்டோ பாதியில் நின்றுவிடும். அதைத் தெரிந்த சாரதிகள் வரவே மாட்டார்கள்.

பிக்மீ செயலியில் ஆட்டோ கூப்பிடும்போது ஒரு சிக்கல் வரும். மலைச்சரிவில் மேல் ஒழுங்கையும் கீழ் ஒழுங்கையும் வரைபடத்தில் சில மீற்றர் இடைவெளியில்தான் தெரியும். உங்கள் புள்ளி கீழ் வீதியில் விழும், சாரதி அங்கே காத்திருந்துவிட்டு ரத்துச் செய்வார். அம்மா கூட வராத நேரங்களில் சந்தியிலுள்ள கடையிலோ கோயிலிலோ புள்ளியை வைத்து அங்கே இறங்கி நில்லுங்கள். அதோடு, சந்தியில் நிற்கும் ஆட்டோக்காரர் ஒருவரையாவது முகம் பழக்கி நம்பரை வாங்கி வைத்துக்கொள்வது மிக முக்கியம். இரவு எட்டு மணிக்குப் பிறகு உள்ளூர் பஸ் வெகுவாகக் குறைந்துவிடும். அப்போது கைகொடுப்பவர் அவர்தான்.

மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் இடிமழை பெரும்பாலும் பிற்பகலில்தான் வரும், பாடசாலை விடுவதை ஒட்டி. பிள்ளைக்குக் குடையைவிட ரெயின்கோட் நல்லது. நெரிசல் பஸ்ஸில் நனைந்த குடை எல்லோருக்கும் இடைஞ்சல். நீங்கள் வரிப் பள்ளமுள்ள இறப்பர் செருப்பில் போய், வேலைக்குரிய சப்பாத்தை அலுவலகத்திலேயே வையுங்கள். தோல் அடியுள்ள சப்பாத்து பாசிப் படியில் வழுக்கும்.

மகளுக்கு வீட்டுக்குப் பக்கத்துப் பாடசாலையையே முதலில் பாருங்கள். தூரமென்றால் "சிசு செரிய" பாடசாலை பஸ் அந்தப் பாதையில் ஓடுகிறதா என்று பாடசாலையில் கேளுங்கள். ஸ்கூல் வேன் என்றால் விடுமுறை மாதத்துக்கு எவ்வளவு அறவிடுவார்கள் என்பதை முதலிலேயே பேசிவிடுங்கள், பின்னால் மனக்கசப்பு வருவது அங்கேதான். மாணவர் சலுகை சீசன் டிக்கெட் இலங்கைப் போக்குவரத்துச் சபையின் (இ.போ.ச.) சிவப்பு பஸ்ஸில் மட்டுமே செல்லும், தனியார் பஸ்ஸில் காசு கொடுக்க வேண்டும்.

சமையல் கேஸ் விஷயத்தைப் பலர் யோசிப்பதில்லை. 12.5 கிலோ சிலிண்டரின் இரும்பையும் சேர்த்தால் நிறை ஏறக்குறைய இரு மடங்கு. அதைத் தூக்க ஒவ்வொரு முறையும் ஆள் தேட வேண்டும். 5 கிலோ சிலிண்டர் இரண்டு வைத்திருந்தால் ஒன்று தீரும்போது மற்றதை மாட்டிவிட்டு, வெற்றுச் சிலிண்டரை ஆறுதலாக மாற்றிக்கொள்ளலாம்.

அம்மாவைப் பற்றிய பயம் நியாயமானது. பேராதனைப் போதனா வைத்தியசாலையும் சிறுவர் வைத்தியசாலையும் இந்தப் பக்கத்திலேயே இருக்கின்றன. கிளினிக் நாளில் போகவும் வரவும் ஆட்டோ பிடியுங்கள், அதில் கஞ்சத்தனம் வேண்டாம். இரவில் அவசரமென்றால் 1990 என்ற இலக்கத்தில் சுவசெரிய அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், இலவசம். வீட்டிலக்கத்தோடு சந்தியின் பெயரையும் பெரிய அடையாளம் ஒன்றையும் எழுதித் தொலைபேசிக்குப் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். பதற்றத்தில் வழி சொல்ல வராது.

சொந்தக்காரர்கள் தவணைப் பணத்தை மட்டும் கணக்குப் பார்க்கிறார்கள். காப்புறுதி, வருமான உத்தரவுப் பத்திரம், புகைப் பரிசோதனை, பெற்றோல், நகரத்தில் பார்க்கிங் காசு எல்லாம் அதற்கு மேலே. நின்று நின்று மேடேறும் ஓட்டத்தில் கிளச்சும் பிரேக்கும் சமவெளியைவிடச் சீக்கிரம் தேயும். இறக்குமதித் தடை 2025 பெப்ரவரியில் நீங்கினாலும் வரிச்சுமையால் காரின் விலை இன்னும் மிக அதிகம். தவணையில் பாதியை ஆட்டோவுக்கென்று தனியாக ஒதுக்கினாலே உங்கள் குடும்பத்துக்குப் போதும் என்பது என் கணிப்பு.

ஊருக்குப் போவதற்கும் பேராதனைப் பக்கமே வசதி. ஹட்டன் பக்கம் போகும் ரயில்களில் பொடி மெனிக்கே கண்டிக்குள் போய் வரும். உடரட மெனிக்கே கண்டியைத் தொடாமல் பேராதனைச் சந்தி ஸ்டேஷனோடு போய்விடும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மலைநாட்டு ரயில் பாதையைப் பல இடங்களில் உடைத்தது. அதனால் புறப்படும் நாளில் ரயில் ஓடுகிறதா என்று ஸ்டேஷனில் விசாரியுங்கள். இல்லையென்றால் கம்பளை, நாவலப்பிட்டி, கினிகத்தேனை வழியாகப் போகும் ஹட்டன் பஸ்ஸில் ஏறிவிடலாம்.