ஊர்க் குழுவில் பயங்கரவாத வீடியோ: அட்மின் என்ன செய்ய வேண்டும்?

கேள்வி: காரிமங்கலம் பக்கத்தில் எங்கள் ஊர். ஊர் வாட்ஸ்அப் குழுவுக்கு நான்தான் அட்மின். மாங்காய் விலை, கரண்ட் கட், இரங்கல் செய்தி என்று போய்க்கொண்டிருந்த குழுவில் நேற்று ராத்திரி ஒருவர் ஒரு வீடியோவையும் டெலிகிராம் லிங்க்கையும் போட்டார். முகமூடி, துப்பாக்கி, தடை செய்யப்பட்ட ஓர் அமைப்பின் கொடி, கீழே ‘சேர விரும்புகிறவர்கள் இங்கே வரலாம்’ என்று ஒரு வரி. அழித்துவிடலாமா? போலீஸுக்குப் போனால் அட்மின் என்று என்னையே பிடிப்பார்களா? அரசாங்கம் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதானே இருக்கும்?

பதில்: உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். பலர் புகார் கொடுக்காமல் இருப்பதே அந்த நம்பிக்கையால்தான். அரசாங்கம் உங்கள் குழுவைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. வாட்ஸ்அப் செய்தி அனுப்பியவரின் போனில் பூட்டப்பட்டு, பெறுபவரின் போனில்தான் திறக்கிறது. நடுவில் அந்த நிறுவனமே படிக்க முடியாது. எக்ஸ், யூடியூப், ஃபேஸ்புக்கின் பொதுப் பக்கங்கள், டெலிகிராமின் பொதுச் சேனல்கள் ஆகியவற்றைப் போலீஸின் கண்காணிப்புப் பிரிவுகள் பார்க்க முடியும். காரிமங்கலத்து ஊர்க் குழுவுக்குள் வந்ததை உள்ளே இருக்கும் ஒருவர் சொன்னால்தான் வெளியே தெரியும்.

சொல்வதால் எவ்வளவு வித்தியாசம் வரும் என்பதற்கு ஓர் உதாரணம் உண்டு. 2019 மார்ச் 15-ல் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில் மசூதிகளில் 51 பேரைக் கொன்றவன் அதை ஃபேஸ்புக்கில் நேரலையாகக் காட்டினான். நேரலையைப் பார்த்தவர்கள் 200 பேருக்கும் குறைவு. அவர்களில் ஒருவர்கூட அப்போது புகார் செய்யவில்லை. நேரலை முடிந்து 12 நிமிடம் கழித்துத்தான் முதல் புகார் வந்ததாக ஃபேஸ்புக்கே சொன்னது. அதற்குள் வீடியோ வெளியே பரவிவிட்டது. அடுத்த 24 மணி நேரத்தில் 15 லட்சம் பிரதிகளை நீக்க வேண்டியிருந்தது. அவற்றில் 12 லட்சத்தை ஏற்றும்போதே தடுத்தார்கள். இந்தத் தடுப்பை மற்ற தளங்களுக்கும் கொண்டுபோவது, பெரிய நிறுவனங்கள் 2017-ல் தொடங்கிய கூட்டமைப்பு. ஒரு பயங்கரவாத வீடியோவை அடையாளம் கண்டதும் அதற்கு ஒரு டிஜிட்டல் கைரேகை எடுத்து மற்ற நிறுவனங்களுக்கும் கொடுக்கிறார்கள். ஆனால் நிறுவனத்தின் தானியங்கிச் சோதனை தவறவிட்ட வீடியோவை யாராவது காட்டிக்கொடுத்தால்தான் அதற்குக் கைரேகை எடுக்க முடியும். அதே ஆண்டு மே மாதம் பாரிஸில் பல நாடுகள் சேர்ந்து வெளியிட்ட கிறைஸ்ட்சர்ச் அழைப்புக்கு இந்தியாவும் ஆதரவு கொடுத்தது.

இங்கே அரசின் கையில் இரண்டு முக்கியமான வழிகள் உண்டு. ஒன்று, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவு. நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு போன்ற காரணங்களுக்காக ஒரு பக்கத்தையோ கணக்கையோ செயலியையோ மத்திய அரசு முடக்கலாம். வழக்கமாக ஒரு குழு பரிசீலித்த பிறகுதான் உத்தரவு வரும். அவசரம் என்றால் உடனே முடக்கிவிட்டு 48 மணி நேரத்துக்குள் குழுவின் முன் வைக்க வேண்டும். 2023 மே மாதம் ஜம்மு காஷ்மீரில் பயங்கரவாதிகள் பயன்படுத்தியதாகச் சொல்லி 14 செய்திச் செயலிகளை மத்திய அரசு முடக்கியது. இரண்டாவது, அதே சட்டத்தின் 79-ஆம் பிரிவு. அரசு முறையாக நோட்டீஸ் கொடுத்த பிறகும் சட்டவிரோதமான பதிவை நீக்காத நிறுவனம், பிறர் போடும் பதிவுக்குத் தான் பொறுப்பில்லை என்ற சட்டப் பாதுகாப்பை இழக்கும். இந்த நோட்டீஸ்களை அனுப்பத்தான் மத்திய உள்துறையின் இணையக் குற்ற ஒருங்கிணைப்பு மையம் 2024-ல் சஹ்யோக் என்ற தளத்தைக் கொண்டுவந்தது. அதை எதிர்த்து எக்ஸ் நிறுவனம் போட்ட மனுவை 2025 செப்டம்பரில் கர்நாடக உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 69ஏ உத்தரவுகள் ரகசியமாகவே இருப்பது எனக்கு உடன்பாடில்லை. பயங்கரவாதத்துக்காக வைத்திருக்கும் கருவி ஒரு பத்திரிகையாளர் மீது பாய்ந்தால் அது வெளியே தெரிய வேண்டும்.

இந்த இரண்டு வழிகளுக்கும் தேவைப்படுவது துல்லியமான லிங்க். ‘டெலிகிராமில் ஏதோ வருகிறது சார்’ என்று சொன்னால் யாராலும் எதையும் முடக்க முடியாது. சேனலின் லிங்க், அதன் பெயர், பதிவின் தேதி, நேரம் ஆகியவைதான் வேண்டும்.

சரி, இப்போது உங்கள் போனுக்கு வருவோம். அழிக்கத்தான் வேண்டும், ஆனால் அதற்கு முன்னால் செய்ய வேண்டியவை இருக்கின்றன. பெரும்பாலோர் பயத்தில் முதலில் அழித்துவிடுகிறார்கள். பிறகு கையில் ஒன்றும் இருக்காது. முதலில் அந்தச் செய்தியை ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள். அனுப்பியவரின் எண், நேரம், லிங்க், ‘பலமுறை பகிரப்பட்டது’ என்ற குறி இருந்தால் அது, எல்லாம் தெரிய வேண்டும். டெலிகிராம் லிங்க்கை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே போய் என்னதான் இருக்கிறது என்று பார்க்க வேண்டாம், அந்தச் சேனலில் சேரவும் வேண்டாம். அடுத்து, குழுவின் உரையாடலை வீடியோக்கள் இல்லாமல் எக்ஸ்போர்ட் செய்து உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பிக்கொள்ளுங்கள். பிறகு அந்தச் செய்தியை அழுத்திப் பிடித்து, வரும் மெனுவில் வாட்ஸ்அப்புக்குப் புகார் செய்யுங்கள். குழுவையே மொத்தமாகப் புகார் செய்தால் கடைசியாக வந்த ஐந்து செய்திகள்தான் வாட்ஸ்அப்புக்குப் போகும். ராத்திரி வந்த வீடியோவுக்குப் பிறகு காலையில் பத்து வணக்கம் வந்திருந்தால் அது கணக்கிலேயே வராது. புகார் செய்தது யார் என்று அனுப்பியவருக்குத் தெரியாது.

இதெல்லாம் முடிந்த பிறகு, அட்மின் என்ற முறையில் அதை எல்லோருக்குமாக அழியுங்கள். தள்ளிப்போட வேண்டாம், சில நாள் கடந்தால் அந்த வசதி போய்விடும்.

‘எச்சரிக்கை, இப்படி ஒரு வீடியோ சுற்றுகிறது, யாரும் பார்க்காதீர்கள்’ என்று அதையே இன்னொரு குழுவுக்கு அனுப்புகிறார்கள் பாருங்கள், அதை மட்டும் செய்துவிடாதீர்கள். நல்ல எண்ணத்தோடு அனுப்பினாலும் வீடியோ பரவத்தான் செய்யும். நம் பக்கத்து மாவட்டமான திருவண்ணாமலையில் போளூர் அருகே 2018 மே மாதம், பிள்ளை பிடிப்பவர் என்ற வதந்தியால் ஒரு மூதாட்டியை ஊரே சேர்ந்து அடித்துக் கொன்றது நினைவிருக்கும். அப்படிப்பட்ட செய்திகளை அனுப்பியவர்களில் பலரும் ஜாக்கிரதையாக இருக்கச் சொல்லித்தான் அனுப்பினார்கள். அந்த ஆண்டு நாடு முழுக்க நடந்த இத்தகைய கொலைகளுக்குப் பிறகுதான் இந்தியாவில் ஒரு செய்தியை ஐந்து உரையாடல்களுக்கு மேல் ஒரே நேரத்தில் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்பாடு வைத்தது.

அட்மின் என்பதற்காக மட்டும் உங்கள் மீது குற்றம் வராது. 2021 மார்ச்சில் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் கிளை இதைத் தெளிவாகச் சொன்னது. அதே ஆண்டு டிசம்பரில் நம் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையும், அட்மினாக இருந்ததைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை என்றால் குற்றப்பத்திரிகையில் பெயர் இருக்கக் கூடாது என்றது. 2022-ல் கேரள உயர் நீதிமன்றமும் இதே கருத்தைச் சொன்னது. பயங்கரவாத அமைப்பில் சேர்வதையும் அதை ஆதரிப்பதையும் குற்றமாக்கும் உபா (சட்டவிரோதச் செயல்கள் தடுப்பு) சட்டத்தின் 38, 39 பிரிவுகள் பத்தாண்டு வரை சிறைத் தண்டனை கொடுப்பவை, ஜாமீன் கிடைப்பதும் கடினம். அவற்றுக்குக்கூட அந்த அமைப்பின் செயலை வளர்க்கும் நோக்கம் இருந்திருக்க வேண்டும் என்று 2021 அக்டோபரில் கோழிக்கோடு மாணவர்கள் இருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வைகோ பொடா என்ற அன்றைய பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தில் சிறையில் இருந்த காலத்தில், 2003 டிசம்பரில் வந்த தீர்ப்பும் இதே திசையில்தான் இருந்தது: வெறும் தார்மீக ஆதரவு குற்றம் ஆகாது.

ஆகவே ஈழத் தமிழர் துயரம் பற்றி ஒருவர் எழுதுவதையோ, அரசைத் திட்டுவதையோ, நாயக்கன்கொட்டாய் பக்கத்தின் பழைய நக்சல்பாரி வரலாற்றைப் பேசுவதையோ பயங்கரவாதம் என்று புகார் செய்யக் கிளம்ப வேண்டாம். ஆள் சேர்ப்பது, பணம் கேட்பது, இன்னாரைத் தாக்கு என்று தூண்டுவது, ஆயுதம் செய்யக் கற்றுக்கொடுப்பது, இவைதான் கவலைப்பட வேண்டியவை. உங்களுக்கு வந்ததில் ஆள் சேர்க்கும் வரி இருக்கிறது. அதனால் இதைச் சும்மா விடக் கூடாது. பயங்கரவாதச் செயலோ அதற்கான திட்டமோ தெரிந்தால் காவல் துறையிடம் சொல்வது, இப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 33-ஆம் பிரிவுப்படி ஒவ்வொருவரின் கடமை.

அனுப்பியவர் யார் என்பதையும் யோசியுங்கள். எதையும் பார்க்காமல் தள்ளிவிடும் பெரியவரா, ஓசூரிலோ பெங்களூரிலோ அறை எடுத்துத் தங்கி வேலை பார்க்கும் பையனா? முதல் வகை என்றால் போன் போட்டுக் கேளுங்கள், ‘ஐயோ, எனக்கு வந்ததை அப்படியே போட்டுட்டேன்’ என்பார். யாரிடமிருந்து வந்தது என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் அதே ஆள் இரண்டாவது முறையும் போட்டாலோ, ஊர்ப் பையன்களுக்குத் தனியாக அனுப்புவது தெரிந்தாலோ, நீங்கள் விசாரிக்கப் போகாதீர்கள். அவர் உஷாராகிவிடுவார், உங்களுக்கும் ஆபத்து.

காரிமங்கலம் காவல் நிலையத்திலேயே எழுதிக் கொடுக்கலாம், அல்லது தருமபுரியில் உள்ள மாவட்ட இணையக் குற்றக் காவல் நிலையத்துக்குப் போகலாம். தேசிய இணையக் குற்றப் புகார் தளத்திலும் பதியலாம். அங்கே இணையப் பயங்கரவாதம் என்றே தனி வகை இருக்கிறது. 1930 என்ற எண் பண மோசடிக்கானது, இதற்கு அதை அழைக்க வேண்டாம். இன்ன இடத்தில் இன்ன நாளில் தாக்குதல் என்று செய்தியில் இருந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் 112-க்குப் போன் செய்யுங்கள்.

புகார் ஒரு பக்கம் இருந்தால் போதும். எப்போது வந்தது, யாருடைய எண்ணிலிருந்து வந்தது, என்ன லிங்க், நீங்கள் எப்போது அழித்தீர்கள் என்று எழுதி, ஸ்க்ரீன்ஷாட்டை அச்செடுத்து இணையுங்கள். புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் வராதீர்கள். பின்னாளில் யாராவது ‘அட்மின் என்ன செய்தார்?’ என்று கேட்டால் காட்ட வேண்டியது அந்தத் தாள்தான். போனைக் கேட்டால், வாங்கியதற்கு எழுத்தில் ஒப்புகை கேளுங்கள். மின்னணுச் சாட்சியத்துக்குச் சான்றிதழ் தேவைப்படும் என்பதால், அந்தப் போனை இப்போதைக்கு விற்பதோ ரீசெட் செய்வதோ வேண்டாம்.

வீட்டுக்கு வந்ததும் குழுவின் அழைப்பு லிங்க்கை மாற்றிவிடுங்கள். புதிதாக யார் சேர்ந்தாலும் உங்கள் ஒப்புதல் வேண்டும் என்ற அமைப்பை இயக்கிவிடுங்கள். விசாரணை முடியும் வரை, அனுப்பியவரை நீக்கலாமா வேண்டாமா என்பதைப் போலீஸிடமே கேட்டு முடிவு செய்யுங்கள்.