ஹுசேன் சாகர்: ஒரு மாலைப் பொழுதில் எப்படிப் பார்ப்பது?

கேள்வி: ஹைதராபாத்தில் ஒரே ஒரு மாலைதான் கையில் இருக்கிறது. முழங்கால் வலி உள்ள அம்மாவும் கூட வருகிறார். ஹுசேன் சாகர் ஏரியில் படகேறி, நடுவே நிற்கும் புத்தர் சிலையைப் பார்த்துவிட்டு வந்தால் போதுமா?

பதில்: படகுச் சவாரி அவசியம் போங்கள். ஆனால் அதோடு திரும்பிவிட்டால் ஏரியையே பார்க்காமல் வந்த மாதிரிதான். இது 1560-களில், இப்ராஹிம் குலி குதுப் ஷா காலத்தில், மூசி ஆற்றுத் தண்ணீரைக் கால்வாய் வழியே கொண்டுவந்து தேக்கிய ஏரி. அதைத் தாங்கி நிற்கும் கரைதான் டேங்க் பண்ட். ஹைதராபாத்தையும் செகந்திராபாத்தையும் இணைக்கும் சாலை அதன் மேல்தான் ஓடுகிறது.

நாலு மணிக்குள், படகு கிளம்பும் லும்பினி பூங்காவுக்குப் போய்விடுங்கள். லக்டி-கா-புல் மெட்ரோவில் இறங்கினால் அங்கிருந்து ஆட்டோவில் கொஞ்ச தூரம்தான். பூங்காவுக்கும் படகுக்கும் தனித்தனி டிக்கெட். ஸ்பீடு போட் வேண்டாம். தாழ்வான இருக்கை, தூக்கித் தூக்கிப் போடும், அம்மாவுக்கு ஒத்துவராது. பெரிய படகில் ஏறுங்கள். அது சிலை இருக்கும் பாறையில் இறக்கிவிடும்.

அங்கே அவசரப்படாதீர்கள். அந்தப் புத்தர் 58 அடி உயர ஒற்றைக்கல். புவனகிரி பக்கம் ராயகிரியில் கிடைத்த வெள்ளைக் கிரானைட்டில் செதுக்கியவர் எஸ்.எம். கணபதி ஸ்தபதி. (குமரி முனையில் வள்ளுவரை வடித்த வை. கணபதி ஸ்தபதி வேறு, பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.) 1990-இல் மிதவையில் ஏற்றிக் கொண்டுபோகும்போது மிதவை சாய்ந்து சிலை ஏரிக்குள் விழுந்தது, உடனிருந்தவர்களில் பலர் உயிரிழந்தார்கள். அவ்வளவு பெரிய கல்லைத் தண்ணீருக்கடியிலிருந்து மீட்டு நிறுத்தியது 1992 டிசம்பரில். அடியில் நின்று அண்ணாந்து பார்க்கும்போது இதை அம்மாவிடம் சொல்லுங்கள்.

அப்புறம், வெயில் சாய்வதற்குள் டேங்க் பண்டுக்கு ஆட்டோ பிடியுங்கள். கரை ஏரிக்குக் கிழக்கே இருப்பதால் சூரியன் நேர் எதிரே தண்ணீருக்கு அப்பால் இறங்கும். வேமனா, அன்னமய்யா முதலான தெலுங்குப் பெரியோர் சிலைகளைப் பார்த்தபடி மெல்ல நடக்கலாம். கால் வலித்தால் அங்கேயே உட்கார்ந்துவிடலாம்.

கழிவுநீர் கலப்பதால் சில நாள் நாற்றம் அடிக்கும். விநாயகர் சிலை கரைக்கும் நாளில் மட்டும் அந்தப் பக்கமே திட்டம் போடாதீர்கள், சாலைகளை அடைத்துவிடுவார்கள். மழையோ பலத்த காற்றோ இருந்தால் படகை நிறுத்திவிடலாம். அன்றைக்கு நேராகக் கரைக்கே போய்விடுங்கள்.